பொன் இறங்கிய துறை
மிளகுத் துறைமுகங்கள் – 9

எறணாகுளம் ஹைகோர்ட் ஸ்டாப்பில் வைப்பின் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வல்லார்பாடம். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை படகுதான் கதி. இப்போது பஸ் ஜன்னலிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் வல்லார்பாடத்தம்மா பள்ளியின் கோபுரம். இன்னொரு பக்கம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். கப்பல் போகும் வாய்க்காலைத் தாண்டி, தெற்கே எங்கோ மட்டாஞ்சேரியின் ஓட்டுக்கூரைக் கிடங்குகள்.

சென்ற இதழை 1341-ஆம் ஆண்டு பெரியாற்று வெள்ளத்தோடு நிறுத்தியிருந்தேன். பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்ததும், வைப்பின் தீவு மணலாய் எழுந்ததும், கொச்சியின் வாய் திறந்ததும் அந்த வெள்ளத்தால்தான் என்று சொல்லப்படுவதைப் பார்த்தோம். அடுத்து போர்த்துக்கீசியர் வரவேண்டும். ஆனால் அதற்குள் வாசகர் ஒருவர் கடிதத்தில் கொக்கி போட்டுவிட்டார்: “நம் மிளகை வாங்கி வாங்கியே ரோமாபுரி பொன்னையெல்லாம் தொலைத்து அழிந்ததாமே, உண்மையா? அப்படியானால் இன்று நாம் எண்ணெயும் தங்கமும் வாங்கித் தள்ளுகிறோமே, நம் ரூபாய்க்கும் அதே கதிதானா?” நல்ல கேள்வி. காலவரிசையை ஒரு வாரம் கலைத்தாலும் பாதகமில்லை.

ரோமிலிருந்தே தொடங்குவோம். கி.பி. 22-இல் பேரரசர் திபேரியஸ் செனட் சபைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புலம்பல் இருக்கிறது. பெண்களின் ரத்தினக் கற்களுக்காக நம் செல்வம் அந்நியரிடம் போகிறதே என்கிறார். ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 77-இல் தன் இயற்கை வரலாற்றைச் சமர்ப்பித்த மூத்த பிளினி இதற்குத் தொகையும் போட்டுக் கொடுத்தார். இந்தியா மட்டும் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் கறந்துவிடுகிறது. இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்த்து 10 கோடி. மிளகைக் கண்டால் அவருக்கு ஆகாது. காரத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது, இதற்காகவா கடல் தாண்டிப் போகிறார்கள் என்று கேட்டார். கேட்டவரே கருமிளகு பவுண்டு 4 தினாரியஸ் என்று கடைவிலையையும் குறித்து வைத்தார். வாங்காதவருக்கு விலை எப்படித் தெரியும் என்பது என் சந்தேகம்.

5 கோடி என்றால் எவ்வளவு பொன்? ஒரு ரோமப் பொற்காசுக்கு 100 செஸ்டர்ஸ். ஆக 5 லட்சம் பொற்காசு. ஒன்று 7 கிராமுக்குச் சற்று மேல். பெருக்கினால் மூன்றரை டன்னுக்குக் கொஞ்சம் கூட வரும். முழுவதும் பொன்னாகவே வந்திருக்காது, வெள்ளியும் செம்பும் மதுவும் பவளமும் கண்ணாடியும் வந்தன. ஆனாலும் சுள்ளியாற்று நுரை கலங்க வந்த யவனர் மரக்கலங்கள் கொண்டுவந்தது பொன், ஏற்றிப் போனது கறி, அதாவது மிளகு, என்று அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய வணிகமும், பிளினி புலம்பிய வணிகமும் ஒன்றுதான். ஒரே பேரேட்டின் இரண்டு பக்கம். அங்கே பற்று, இங்கே வரவு. இங்கிருந்தவர் மகிழ்ந்து பாட்டெழுதினார், அங்கிருந்தவர் தலையில் கைவைத்துக் கணக்கெழுதினார்.

ஆனால் பிளினி கணக்கை முழுதும் எழுதவில்லை. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், முசிறியோடு தொடர்புடைய ஒரு கடன் ஒப்பந்தம். அதன் பின்பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு: ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். ஒரு கப்பல், ஒரு பயணம். அந்தச் சரக்கு எகிப்துக்குள் நுழையும்போது அதில் நான்கில் ஒரு பங்கு வரி. பேரரசின் கஜானாவுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தாலே, 25 சதவீதம். மிச்சத்தை அலெக்சாந்திரியாவிலும் ரோமிலும் வணிகர்கள் பல மடங்குக்கு விற்றார்கள். வாங்கிய விலையைப் போல நூறு மடங்குக்கு விற்பதாகப் பிளினியே சொல்கிறார். அப்படியானால் போன பொன்னைவிடச் சுற்றித் திரும்பிய பணம் அதிகம். அது போனது ஒரு கையிலிருந்து, வந்தது வேறு கைக்கு. மிளகு வாங்கிய சீமாட்டியின் பணப்பை இளைத்தது, வரிவாங்கியின் பெட்டி நிறைந்தது.

அப்படியானால் ரோமக் காசு கெட்டதெல்லாம்? கெட்டது உண்மை. 64-இல் நீரோ நாணயத்தில் கைவைத்தார். பொற்காசின் எடை குறைந்து ஒரு பவுண்டு பொன்னுக்கு 45 காசு அடித்தார்கள். ஒரு பவுண்டு வெள்ளிக்கு 84 தினாரியஸ் என்றிருந்தது 96 ஆயிற்று, வெள்ளியின் தரமும் இறங்கியது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் காலியேனஸ் காலத்துக்கு வரும்போது, பெயருக்கு வெள்ளிக்காசு, உள்ளே பெரும்பாலும் செம்பு. இதற்கெல்லாம் மிளகைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஏற்றமாட்டேன். நீரோவுக்கு எரிந்துபோன நகரத்தைக் கட்டவேண்டியிருந்தது. பின்வந்தவர்களுக்குப் படைவீரர் சம்பளம் கட்டுப்படியாகவில்லை, உள்நாட்டுப் போர் ஓயவில்லை. சுரங்கமும் வரியும் சரியாக ஓடியவரை மிளகு ஒரு பொருட்டே அல்ல. அவை தளர்ந்தபோதுதான் பொன் வெளியே போவது வலித்தது. 408-இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போக 5,000 பவுண்டு பொன்னோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டு வாங்கினான் என்பதைப் பார்த்தால், அந்த ஊரில் கடைசிவரை மிளகுக்குப் பஞ்சம் வரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

எனக்குச் சுவையாகப் படுவது இந்தக் கரையில் நடந்தது. நீரோ காசைக் கெடுத்தது ரோமில் எத்தனை பேருக்குத் தெரிந்ததோ, நம் ஊர்த் தராசுக்குத் தெரிந்துவிட்டது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் கிடைத்த புதையல்களைப் பாருங்கள். வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. நீரோவுக்குப் பிந்திய வெள்ளி இங்கே அரிது. பழைய காசைக் கொடு, புதியது வேண்டாம் என்று நம் வணிகர்கள் சொல்லியிருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம். பொன் மட்டும் தொடர்ந்து வந்தது. கொச்சிக்கு வடக்கே பரவூர் அருகில் வள்ளுவள்ளியில் 1983-இல் கிடைத்த குடத்தில் 250-க்கும் மேற்பட்ட ரோமப் பொற்காசுகள் இருந்தன. புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசரின் முகத்தின் குறுக்கே ஓர் உளிவெட்டு. தேய்ந்த காசு, இனிச் செலாவணி ஆகாது, உருக்கவேண்டியது என்பதற்கான அடையாளம் அது என்கிறார்கள். அந்த வெட்டை ஒருமுறை படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபத்தில் விழுந்த வெட்டில்லை. ஒரே ஆழம், ஒரே கோணம். பகலெல்லாம் இதையே வேலையாகச் செய்த ஒருவர் போட்டது. சீசரின் முகத்துக்கு அங்கே மதிப்பில்லை. எடைக்குத்தான் மதிப்பு.

நாணயம் என்பதே அவ்வளவுதான். உள்ளூரில் அது அரசன் சொல். எல்லை தாண்டினால் வாங்குபவன் தராசு. ‘நாணயமானவர்’ என்று நாம் மனிதரைச் சொல்வதும் இதனால்தான் போலும்.

நடுவில் உள்ள நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அவை தனித்தனி அத்தியாயங்களாக வரப்போகின்றன. 1500 டிசம்பரில் கப்ரால் கொச்சிக்கு வந்தார். போர்த்துக்கீசியரும் விற்கப் பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. செம்பும் வெள்ளியும் பொன்னும் கொடுத்துத்தான் மிளகு ஏற்றினார்கள். கூடவே பீரங்கியையும் கொண்டுவந்ததால் விலையைக் கட்டிப்போட முடிந்தது. ரோமர்களுக்குத் தோன்றாத உத்தி அது. பிறகு டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர். லண்டனிலும் பிளினிகள் பிறந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளியை எல்லாம் இந்தியாவில் கொட்டுகிறது என்று கூச்சல். 1621-இல் கம்பெனி இயக்குநர் தாமஸ் மன் அதற்குப் பதில் எழுதினார். பின்னால் வந்த நூலில் அவர் எடுத்துக்காட்டியது நம் ஊர் உழவனுக்கும் புரியும்: விதைக்கும் நாளில் மட்டும் வந்து பார்த்தால், நல்ல நெல்லை மண்ணில் வீசுகிறானே என்று பைத்தியக்காரப் பட்டம் கட்டத் தோன்றும்; அறுப்பு வரை இருந்து பார்க்கவேண்டும். இந்தியச் சரக்கை ஐரோப்பாவில் விற்று வரும் பணம் போன வெள்ளியைவிட அதிகம் என்பது அவர் வாதம். கம்பெனிக்காரர் கம்பெனிக்காகத்தான் பேசினார். ஆனால் கணக்கு சரி.

இதன் மறுபக்கம்தான் பலருக்கு மறந்துபோனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியா வாங்கியதைவிட அதிகமாக விற்றது. பற்றாக்குறை இல்லை, உபரி. ஆனாலும் நாடு இளைத்தது. அந்த உபரி லண்டனுக்குச் சேரவேண்டிய அதிகாரிகள் ஓய்வூதியத்துக்கும் கடன் வட்டிக்கும் நிர்வாகச் செலவுக்கும் போயிற்று. தாதாபாய் நௌரோஜி 1901-இல் வெளியிட்ட தடித்த நூல் முழுக்க இந்தக் கசிவைத்தான் பக்கம் பக்கமாகக் கணக்கிடுகிறது. ஆகவே ‘விற்றவன் செல்வன், வாங்கியவன் ஏழை’ என்ற பாட்டிக்கணக்கை வைத்துக்கொண்டு நாட்டுக் கணக்கைப் பார்க்க முடியாது. பற்றாக்குறையை எதைக் கொடுத்துத் தீர்க்கிறோம், உபரியை யார் கொண்டுபோகிறார்கள் என்று கேட்கவேண்டும். நம் ஊரில் கிணற்றுக்கு போர் போடக் கடன் வாங்குவதும், மொய்விருந்துக்குப் பந்தல் போடக் கடன் வாங்குவதும் ஒன்றா?

இனி ரூபாய். 1949 முதல் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய். சுதந்திர இந்தியா எந்திரம் வாங்கியது, பஞ்சத்தில் கோதுமை வாங்கியது. வாங்கிய அளவுக்கு விற்கமுடியவில்லை. 1966 ஜூன் 6-இல் இந்திரா காந்தி அரசு 7.50 ஆக்கியது. டாலர் கேட்டு வருகிறவர் கூட்டம் நீண்டு, டாலர் கொண்டு வருகிறவர் குறைந்தால் ரூபாய் இறங்கத்தான் வேண்டும். அரசு விலையைப் பிடித்து வைத்திருந்தால், இறங்கவேண்டியது ஒரே நாளில் விழும். விழுந்தால் நம் சரக்கு வெளியே மலிவாகும், விற்பனை கூடும், நோய் தானே தணியும் என்பது பாடப்புத்தக மருந்து. மிளகுக்கும் முந்திரிக்கும் இறாலுக்கும் கயிற்றுக்கும் அது பலிக்கும். எண்ணெய்க்குப் பலிக்காது. விலை ஏறினாலும் பஸ் ஓடவேண்டும், லாரி ஓடவேண்டும். வாங்கும் அளவு குறையாமல் பில் மட்டும் பெருக்கும்.

1990 ஆகஸ்ட் 2-இல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோது இந்த எண்ணெய்க் கதை கொச்சியின் வீட்டு வாசலுக்கே வந்தது. எண்ணெய் விலை எகிறியது ஒரு பக்கம். குவைத்திலிருந்து தப்பி, விமானத்தில் அழைத்துவரப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் கணிசமானோர் மலையாளிகள். மாதாமாதம் வந்துகொண்டிருந்த டிராஃப்ட் நின்றது. வெளிநாட்டு இந்தியர்கள் வங்கியில் போட்ட டெபாசிட்டையும் எடுக்கத் தொடங்கினார்கள். 1991 நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். துணை கவர்னர் அரியலூர்க்காரரான சி. ரங்கராஜன். மே மாதம் 20 டன் தங்கம் ஸ்டேட் பேங்க் வழியாக ஸ்விட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ஏறக்குறைய 47 டன் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைக்கப்பட்டு, 40 கோடி டாலர் சொச்சம் கைக்கு வந்தது. மும்பை விமான நிலையத்துக்குப் பொன் ஏற்றிப் போன வண்டிகளில் ஒன்று வழியில் பழுதாகி நின்றதாக ஒரு கதை உண்டு. நடு ரோட்டில் நிற்கும் அந்த வண்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மார்வாடி கடைக்குள் நுழையும்முன் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் குடும்பத்தலைவிதான் ஞாபகம் வருகிறார்.

ஜூலை 1-இலும் 3-இலும் இரண்டு தவணையாக ரூபாய் இறக்கப்பட்டது. டாலர் 21 ரூபாயிலிருந்து 26-க்கு அருகில் வந்தது. ஈடு வைத்த தங்கம் விரைவிலேயே மீட்கப்பட்டது. 2009-இல் இதே ரிசர்வ் வங்கி சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

ஆனால் பிளினி விடமாட்டார். 2012-13இல் இந்தியா 800 டன்னுக்கும் மேல் தங்கம் இறக்கியது. ரோமின் மூன்றரை டன் எங்கே, இது எங்கே! நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம் ஆயிற்று. 2013 ஆகஸ்ட் 28-இல் டாலருக்கு 68.85 வரை ரூபாய் சரிந்தது. நிதியமைச்சர் ப. சிதம்பரம் மக்களைப் பார்த்துத் தங்கம் வாங்காதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். திபேரியஸ் செனட்டிடம் சொன்னதுதான், ஏறக்குறைய இருபது நூற்றாண்டு கழித்து. செனட்டைப் போலவே நம் கல்யாண வீடுகளும் கேட்டுக்கொள்ளவில்லை. தீர்வை ஏறியது, அதற்குத் தகுந்தாற்போல் கேரள விமான நிலையங்களில் கடத்தல் பிடிபடுவதும் ஏறியது.

இங்கே ஒரு நிமிடம் கொழும்புக்குப் போய்வர வேண்டும், ஏனென்றால் வல்லார்பாடம் முனையம் பிறந்ததே கொழும்பைப் பார்த்துத்தான். இந்தியாவுக்கு வரும் கன்டெய்னர்கள் கொழும்பில் இறங்கி, சின்னக் கப்பலுக்கு மாறி வந்தன. அந்தக் கூலி டாலரில் வெளியே போகிறது, அதை இங்கேயே நிறுத்துவோம் என்று 2011 பிப்ரவரி 11-இல் பிரதமர் மன்மோகன் சிங் இதைத் திறந்துவைத்தார். 1991-இல் நிதியமைச்சராக ரூபாயை இறக்கியவரும் அவர்தான். இடப்பள்ளியிலிருந்து காயலின் மேல் நாலரை கிலோமீட்டருக்கு ரயில் பாலமே கட்டினார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை, கொழும்பு கொழும்பாகவே இருந்தது. அப்படி இருந்த கொழும்பு 2022-இல் என்ன ஆயிற்று? துறைமுகத்தில் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் காசு கட்ட டாலர் இல்லாமல் பெட்ரோல் கப்பல் கடலில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது. ஏப்ரல் 12-இல் வெளிக்கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தார்கள். டாலர் 200 ரூபாயாக இருந்தது இரண்டே மாதத்தில் 360-ஐத் தொட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் அப்போது ஃபோனில் சொன்னது: “சம்பளம் அப்படியே தான் இருக்கு அண்ணை, சாமான் தான் எட்டாத உயரத்துக்குப் போட்டுது.” ஆண்டாண்டாக இறக்குமதி மிஞ்சிய நாடுதான் அது. சுற்றுலாவும் வெளிநாட்டுப் பணமும் கடனும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தன. மூன்றும் ஒன்றாக நின்ற ஆண்டில் ஓட்டை தெரிந்தது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில், மிளகு வாயதா வியாபாரம் நடந்த கட்டடத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய புரோக்கரைத் தெரியும். அப்பா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். 1957-இல் இங்கே மிளகுச் சங்கம் தொடங்கியதிலிருந்து கூடத்தில் கைகாட்டிக் கத்தி விலை பேசிய தலைமுறையின் மிச்சம். அந்தக் கூச்சல் கம்ப்யூட்டர் வந்ததும் அடங்கிவிட்டது. போனமுறை போனபோது இரண்டு தாளில் மிளகு வைத்திருந்தார். ஒன்று வயநாடு, ஒன்று வியட்நாம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் ஒரு மணியை நகத்தால் உடைத்து மூக்கருகில் நீட்டினார்.

“என்ன அண்ணாச்சி, மிளகு நாட்டுக்கே மிளகு வருதா?”

“வராம? இங்க விலை கூடுதல், அங்க குறைச்சல். எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்காரன் அங்க வாங்கி, இங்க பிழிஞ்சு, சீமைக்கு அனுப்புறான். அவனுக்கு லாபம். குடகுக்காரனும் இடுக்கிக்காரனும்தான் கிடந்து கத்துறான்.”

கத்தியதால்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்றது. ரூபாய் இறங்கினால் உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டேன். சிரித்தார். “மகன் துபாய்ல இருக்கான் சார். அவனுக்கு நல்லது. கேஸ் சிலிண்டர் எனக்கு வருது. எனக்குக் கெட்டது.”

கேரளமே இப்படித்தான். அரிசி ஆந்திரத்திலிருந்து, காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும், முட்டை நாமக்கல்லிலிருந்து. தினமும் வாளையாறும் குமுளியும் தாண்டி வரும் லாரிகளை எண்ணினால் இதைவிடப் பெரிய பற்றாக்குறை வேறு மாநிலத்தில் இருக்குமா என்று தோன்றும். தனி நாணயம் இல்லாததால் விழ ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கு வளைகுடாவில் தீர்கிறது. 2023-24இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 11,800 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சின்ன மாநிலத்துக்கு. பிளினியின் ரோமுக்கு ஸ்பெயின் சுரங்கம் எப்படியோ, கேரளத்துக்குப் பிள்ளைகள் அப்படி. அந்த ஆண்டு நாட்டின் சரக்கு வணிகப் பற்றாக்குறை 24,000 கோடி டாலரை ஒட்டி இருந்தது. அதில் பாதியை அனுப்பியவர்கள் வீட்டைவிட்டுப் போனவர்கள்தான்.

பஸ் திரும்பும்போது இருட்டிவிட்டது. வைப்பின் கரையில், 1341-க்குப் பிறகு எழுந்த அந்த மணலின் தென்முனையில், புதுவைப்பு. அதற்கு நேரே நடுக்கடலில் ஒரு மிதவை கட்டியிருக்கிறார்கள். 2007 முதல் பெரிய டாங்கர்கள் கரைக்கு வராமல் அங்கேயே நின்று, கடலடிக் குழாயில் கச்சா எண்ணெயை இறக்கிவிட்டுப் போகின்றன. எண்ணெய் கரையேறி அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. யவனர் கலம் நின்ற அதே கடல். வெறும் வயிற்றோடு திரும்புகிற டாங்கரின் விளக்கு மட்டும் பாலத்திலிருந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அடுத்த இதழில் கப்ராலைக் கரையிறக்கிவிடுகிறேன்.

(தொடரும்)